பிகுன் பெரியம்மாவைப் பற்றி எங்கள் குழு திருத்திக்கொண்டிருக்கும் கதை

1

இந்தக் கதை என் மனதில் தானாக உதித்தது என்று சொன்னால் அது பொய். இது மேலிடத்து உத்தரவு. ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் எங்கள் லாம்பாங் பக்கம் வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் புத்தகத்தில் மனதைத் தொடும் கதை ஒன்று இருக்க வேண்டுமாம். டாக்டர், நர்ஸ், பிசியோ, மருந்தாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நோயாளியைக் கரையேற்றிய கதை. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "சோம், நீதான் நல்லாப் பேசுவியே, நீயே எழுதிடு" என்றார். நான் அந்த ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். நன்றாகப் பேசுகிறவர்களெல்லாம் எழுத்தாளர்கள் என்றால் எங்கள் சனிச்சந்தை ஒரு நூலகமாகியிருக்கும்.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். நான் எழுதியதைக் குழுவில் எல்லாரும் படித்துத் திருத்த வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்த வரி போய்விடும். ஆளுக்கொரு கரண்டி போட்டுக் கிண்டினால் களி என்னவாகும் என்று நான் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன். எங்கள் ஊரில் இயக்குநர் முன்னால் தலை அந்த ஒரு திசையில்தான் ஆடும்.

முதல் தொடக்கம்: "வாங் ஆற்றின் மேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்த அந்தக் காலையில்—" விடுங்கள். நாங்கள் போனது உச்சி வெயிலில், வேனில் ஏசி வேலை செய்யவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "யானையைத் தடவிப் பார்த்த குருடர்களைப் போல—" இதுவும் வேண்டாம். எங்கள் மாகாணத்தில் யானைக்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. யானையை நாங்கள் எல்லாரும் முழுசாகவே பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் தொடக்கம்: "பிகுன் பெரியம்மா எழுந்து உட்கார்ந்தார்."

இதை வைத்துக்கொண்டேன். சின்ன வாக்கியம், நல்ல செய்தி, இயக்குநருக்கும் பிடிக்கும். இந்தக் கதையில் வந்த தொல்லையெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தால்தான் வந்தது.

2

பிகுன் பெரியம்மா பக்கவாதம் வருவதற்கு முன், தூண்கள் மேல் நிற்கும் தங்கள் வீட்டுக்கு அடியில் கனோம்சீன் கடை வைத்திருந்தார். இடியாப்பம் மாதிரியான அரிசி நூலைச் சுருட்டிச் சுருட்டி வைத்து, மேலே காரமான நாம்ஙியாவ் குழம்பு, பக்கத்தில் ஊறவைத்த கடுகுக்கீரை. அவர் கணவர் இன்தா பெரியப்பா பீங்கான் சூளையில் சுமை தூக்கியவர். கிண்ணங்கள் அடுக்கிய பலகையைத் தோளில் வைத்து நடந்தால் ஒரு கிண்ணம்கூடச் சத்தம் போடாது என்று சூளையில் இன்றும் சொல்வார்கள். பிள்ளைகள் இல்லை. இவர்கள் இருவர்தான்.

பெரியம்மாவின் இடது பக்கம் விழுந்த பிறகு, பேரூராட்சி ஒரு உதவிக்காரப் பெண்ணை அனுப்புகிறது. தினமும் காலையில் வந்து பெரியம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போவாள். எங்கள் குழு அவ்வப்போது போய்ப் பெரியம்மாவுக்கு மதிப்பெண் போடும். தானாகச் சாப்பிடுகிறாரா, தானாக உட்காருகிறாரா, எழுந்திருக்க வீட்டில் ஆள் துணை இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்போம். மதிப்பெண் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் உதவிக்காரி வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். அவளுக்காகக் காத்திருக்கும் வீடுகள் நிறைய. நியாயமான ஏற்பாடுதான், நான் குறை சொல்லமாட்டேன்.

போன மாதம் நாங்கள் போனபோது பெரியம்மா மாடியில், தேக்குத் தூணை ஒட்டி, குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். வலது கையில் கரண்டி.

"டாக்டர் தம்பி, போன தடவ பாதித் தட்டுலயே எந்திரிச்சு ஓடிட்டீங்க. இன்னிக்கு விடமாட்டேன்."

டாக்டர் பாகின் படிப்பு முடித்துக் கட்டாய கிராம சேவைக்கு வந்த பிள்ளை. வெட்கத்தில் அவருக்குக் காது சிவந்துவிடும். "பெரியம்மா, நான் உங்க கையப் பரிசோதிக்க வந்திருக்கேன்."

"தாராளமாப் பாருங்க. கரண்டி பிடிக்குதா இல்லியா? ஏய் கிழவா, கீரைய யாருக்கு ஒளிச்சு வெச்சிருக்கே? கொண்டா இங்க!"

"வரேன்டி, வரேன். இவளுக்கு வாய்க்கு மட்டும் பக்கவாதம் வரல டாக்டர்" என்று பெரியப்பா தட்டுகளைச் சுமந்துகொண்டு வந்தார்.

எல்லாரும் சிரித்தோம், எல்லாரும் சாப்பிட்டோம். நர்ஸ் துவாங்தா பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்த்தாள்; பெரியம்மா அவள் காதில் ஏதோ சொன்னார். பிசியோ கிரிட் பெரியப்பாவோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் என்னிடம், "பாத்தீங்களா அக்கா, தாங்கல் இல்லாம உட்கார்ந்திருந்தாங்க! நம்ம டீம் சாதிச்சிருச்சு!" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. மதிப்பெண் கோட்டைத் தாண்டியது. புதன்கிழமைக் கூட்டத்தில் அதை உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.*

* உதவிக்காரியைக் கேட்டால் போயிற்றே என்று நினைக்கிறீர்கள். அவள் பேரூராட்சியின் ஆள். எங்கள் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு, அவளும் "நான் வேணும்" என்று சொல்லியிருந்தால், வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்றிருப்போம். எங்களை எனக்குத் தெரியும்.

3

நான் எழுதிய பத்தி சுற்றுக்குப் போய்த் திரும்பி வந்தபோது இப்படி இருந்தது:

"எங்கள் குழுவின் அயராத உழைப்பால் பிகுன் பெரியம்மா எழுந்து [டாக்டர்: 'தாங்கலின்றி' சேர்க்கவும்] உட்கார்ந்தார். மருந்துகளை [மருந்தாளர்: 'வேளை தவறாமல்'. இது இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்] எடுத்துக்கொண்டார். அவர் கணவர் இன்தா தினமும் அவரைப் பூவைப் போல் தூக்கி—"

இரண்டு வாக்கியங்கள் அடிபட்டிருந்தன. "பிகுன் பெரியம்மா உட்கார்ந்தார்" என்பதைத் துவாங்தா அடித்திருந்தாள். "பூவைப் போல் தூக்கி" என்பதைக் கிரிட் அடித்திருந்தான். காரணம் எதுவும் எழுதவில்லை. மருந்தாளர் ஒரு சொல்லுக்கே இரண்டு வரி நியாயம் எழுதும் குழு எங்களுடையது. காரணம் சொல்லாமல் அடிப்பது புதிது.

துவாங்தாவைக் கட்டுப்போடும் அறையில் பிடித்தேன். அவளும் நானும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"ஏன்டி அடிச்சே? கதையோட முதுகெலும்பே அந்த வரிதான்."

"எழுத்து புரியல."

"டைப் அடிச்சுல்ல குடுத்தேன்."

"அப்ப எழுத்து புரிஞ்சிது, வரி பிடிக்கல. போடி, வேலையிருக்கு."

கிரிட் இன்னும் மோசம். "பூ கீன்னு எழுதினா சினிமா மாதிரி இருக்கு அக்கா."

"சரி, அரிசி மூட்டை மாதிரின்னு போடவா?"

அவன் சிரிக்கவில்லை. "தூக்குறதையே எடுத்துடுங்க அக்கா" என்றான். எழுத்தாளர் என்ற புதிய அந்தஸ்தில் இருந்த எனக்குக் கோபம்தான் வந்தது. ரசனை கெட்ட ஜன்மங்கள் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வரிகளையும் திரும்பச் சேர்த்தேன்.

4

போன வாரம் படம் எடுக்கப் போனோம். புத்தகத்தில் கதைக்கு மேலே குழு முழுவதும் பெரியம்மாவைச் சுற்றி நிற்கிற படம். அதே தூண், அதே கரண்டி. கைகூப்பி விடைபெற்று வேனில் ஏறி ஆஸ்பத்திரி வந்து இறங்கியபோது என் செருப்பு தொளதொளவென்றிருந்தது.

புத்தாண்டுக்கு ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி கறுப்பு ரப்பர் செருப்பு கொடுத்திருந்தார்கள். இன்தா பெரியப்பா சந்தையில் அதே மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறார். படியடியில் கிடந்த குவியலில் அவருடையதை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். (செருப்பு மாறியதை நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? எனக்கும் எழுதும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. குடையை மறந்ததாக எழுதிப் பார்த்தேன், இன்னும் மட்டமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.) துவாங்தாவின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனேன்.

சொல்லாமல் போனேன் என்பதுதான் முக்கியம். எங்கள் ஊரில் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போகமாட்டோம். குழு போவதென்றால் முந்தின நாளே போன் பண்ணிவிடுவோம். அது மரியாதை.

படி ஏறும்போதே பேச்சு கேட்டது.

"உப்பு கம்மி."

"உன் நாக்கு செத்துப்போச்சு. டாக்டர் தம்பி ரெண்டு தட்டு சாப்டாரு."

"அவன் பாவம், ஆஸ்டல் சோறு. எதப் போட்டாலும் சாப்புடுவான்."

இருவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மாவின் தலைக்கடியில் தலையணை. பெரியப்பாவுக்குத் தலையணை இல்லை. விசிறியைக் காலால் இழுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது, கோணலாக நின்று ஓடிக்கொண்டிருந்தது. தேக்குத் தூணில் கட்டம்போட்ட நீளத் துண்டு ஒன்று முடிச்சவிழ்ந்து தொங்கியது. அந்தத் துண்டால்தான் பெரியம்மாவை ரவிக்கைக்கு அடியில் தூணோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள் என்று எனக்குப் புரிய வெகுநேரம் ஆகவில்லை.

என்னைப் பார்த்ததும் பெரியம்மா வலது கையைத் தரையில் ஊன்றினார். உடம்பு வரவில்லை. மறுபடி ஊன்றினார். பிறகு படுத்தபடியே சொன்னார்: "வாம்மா சோம். உக்காரு. சாப்டுறியா?"

"என்ன பெரியம்மா, தரையில?"

"காத்து வாங்குறோம்."

"துண்ட அவுத்தேன், சரிஞ்சுட்டா. பிடிக்கப் போனேன், முதுகு பிடிச்சிக்கிச்சு" என்றார் பெரியப்பா கூரையைப் பார்த்தே. "தூக்க முடியாதப்போ நானும் பக்கத்துல படுத்துக்குவேன். காலைல அந்தப் பொண்ணு வந்து தூக்கும்."

"இப்ப மத்தியானம் பெரியப்பா!"

"பேசிக்கிட்டிருந்தாப் பொழுது போயிரும். இவளுக்குப் பேச்சுக்கா பஞ்சம்?"

"பக்கத்து வீட்டுல கூப்புட்டிருக்கலாமே?"

சூளையில் பலகை சுமந்த மனிதர், ஊருக்கே சோறு போட்ட பெண். கூப்பிடமாட்டார்கள்.

பாயோடு இழுத்து, நானும் அவருமாக எப்படியோ பெரியம்மாவைக் கட்டிலில் சேர்த்தோம். பெரியப்பா தண்ணீர் எடுக்கப் போனதும் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலது கைக்கு நல்ல பலம்.

"என் உடம்பப் பத்தி என்ன வேணா சொல்லிக்கோ. முதுகுல புண்ணு வருது, துவாங்தாகிட்டயே சொல்லிட்டேன். அது என் உடம்பு. ஆனா இவருக்குத் தூக்க முடியலங்கறத மட்டும் வெளிய விடாத. செத்துருவாரு மனுஷன்."

என் செருப்பை எடுத்துக்கொடுக்க வாசல் வரை வந்த பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் முதுகு போச்சுன்னு கிரிட் தம்பிகிட்ட சொல்லியிருக்கேன். அத யார்கிட்ட வேணா சொல்லு தாயி. அவளால எந்திரிக்க முடியாதுங்கறத மட்டும் டாக்டர்கிட்ட சொல்லிடாத. நீங்க வர்ற அன்னிக்குத்தான் அவ முகம் கழுவி மையெழுதுறா."

இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

5

நான் சிக்கியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பெரியம்மாவால் எழ முடியாது, ஆனால் பெரியப்பா தூக்குவார் என்றால் உதவிக்காரி தேவையில்லை. பெரியப்பாவால் தூக்க முடியாது, ஆனால் பெரியம்மாவே எழுந்துகொள்வார் என்றாலும் தேவையில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவள் நிற்பாள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இருவருக்கும் கொடுத்த வாக்கு போய்விடும்.

துவாங்தாவும் கிரிட்டும் எதற்காக அடித்தார்கள் என்பது அன்று வண்டியில் வரும்போதுதான் உறைத்தது. துவாங்தாவுக்குப் புண் தெரியும்; எழ முடியாமல் கிடப்பவர்களுக்கு வரும் புண் அது. பெரியப்பாதான் தூக்குகிறாரே என்று சும்மா இருந்துவிட்டாள். கிரிட்டுக்கு முதுகு தெரியும். பெரியம்மாதான் தானே உட்காருகிறாரே என்று சும்மா இருந்துவிட்டான். ஆளுக்குப் பாதி கையில் வைத்துக்கொண்டு, மறு பாதி நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். பொய்யை அச்சில் ஏற்ற மட்டும் இருவருக்கும் மனம் வரவில்லை. ரசனை கெட்ட ஜன்மம் நான்தான்.

சரி, ஏன் வாயைத் திறக்கவில்லை? டாக்டர் பாகின் சந்தோஷமாக இருந்தார், அதனால்தான். எங்கள் ஊரில் ஒரு குழுவில் நன்றாக வேலை செய்கிறார் என்று யாரைச் சொல்வோம் தெரியுமா? யார் முகமும் வாடாமல் பார்த்துக்கொள்கிறவரை. அது கெட்ட குணம் இல்லை. அதில்தான் எங்கள் ஆஸ்பத்திரியே ஓடுகிறது. அதே குணம்தான் பெரியம்மாவைத் தூணில் கட்டி வைத்தது.

எழுதுவதிலும் இதே சிக்கல். நான் பேனாவோடு போனால் பாத்திரங்கள் முகம் கழுவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த வசனமாகப் பேசுகிறார்கள். "இவளுக்கு வாய்க்கு மட்டும் பக்கவாதம் வரல" என்று பெரியப்பா சொன்னதும் நான் மகிழ்ந்து எழுதிக்கொண்டேன். அப்போது தட்டுகளை இடுப்பில் முட்டுக் கொடுத்தபடி அவர் எப்படி நடந்து வந்தார் என்பதை எழுதவில்லை. பார்த்தேனா என்றே நிச்சயமில்லை.

கிடைக்கும் முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: நானே கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்கிறேன். உதவிக்காரி நிற்கிறாள். அடுத்த தடவை போகும்போது பெரியம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அடுப்பு அணைந்திருக்கிறது. பெரியப்பா "வாங்க" என்கிறார், "உக்காருங்க" என்று சொல்லவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல்— இது நடக்கும். நடந்தாலும் அவர்கள் உயிரோடு இருப்பார்கள் என்று என் பாதி மனம் சொல்கிறது.

முடிவு ஆ: நான் வாக்கைக் காப்பாற்றுகிறேன். கதைக்குப் பரிசு வருகிறது. படம் சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. குளிர்காலத்தில் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு— இதை முடிக்கக் கை வரவில்லை.

6

முடிவு இ என்று பெயர் வைக்க முடியாதது இது. கூட்டம் நாளைக்கு. அதை இப்போதே எழுதுகிறேன், எதுவரை எழுத முடிகிறதோ அதுவரை.

மேசையில் ஆளுக்கொரு காபி. மருந்தாளர் வேளை தவறாமல் வந்துவிட்டார். டாக்டர் பாகின் பெரியம்மாவின் மதிப்பெண்ணைப் படிக்கிறார், குரலில் பெருமை. படித்து முடித்து வழக்கம்போல் கேட்பார்: "வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" இந்தக் கேள்விக்கு எங்கள் அறையில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. கூட்டம் முடிந்தது, நாற்காலியை நகர்த்தலாம் என்று அதற்கு அர்த்தம்.

நாற்காலிகள் நகர்வதற்குள் நான் கையைத் தூக்குகிறேன்.

"டாக்டர் தம்பி, கதையில ரெண்டு வரி அடிபட்டிருக்கு. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் அச்சுக்குப் போகும். துவாங்தா, 'பெரியம்மா உட்கார்ந்தார்'ங்கறத ஏன் அடிச்சே? கிரிட், 'பெரியப்பா தூக்கினார்'ங்கறத ஏன் அடிச்சே? ரெண்டு பேரும் இங்கயே சொல்லிடுங்க."

இதில் தந்திரம் இருக்கிறது, மறைக்கவில்லை. பெரியம்மா தன் உடம்பைப் பற்றித் தானே துவாங்தாவிடம் சொன்னார். பெரியப்பா தன் முதுகைப் பற்றித் தானே கிரிட்டிடம் சொன்னார். அவர்கள் தங்களுக்குக் கொடுக்கப்பட்டதை மட்டும் சொன்னால் யார் வாக்கும் உடையாது. தனியாக யாரும் சொல்லக்கூடாததை ஒரு மேசை சொல்லிவிடலாம். ஆனால் என் சுமையை அவர்கள் தலையில் இறக்குகிறேன் என்பதும் உண்மை. டாக்டர் படித்த மதிப்பெண்ணுக்கு எதிராக, எல்லார் முன்னிலையிலும், அந்தப் பிள்ளையின் காது சிவக்கச் சிவக்க அவர்கள் பேச வேண்டும்.

துவாங்தா என்னைக் கொன்றுவிடுவது போல் பார்க்கிறாள். கிரிட் பேனா மூடியைத் திறந்து மூடுகிறான். டாக்டர் பாகின் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, முதலில் அவளையும் பிறகு அவனையும் பார்க்கிறார்.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. துவாங்தா என்ன சொல்வாள் என்று எனக்கு ஊகம் இருக்கிறது. எழுதினால் அழகாகவும் வரும். அவள் வாயில் நான் வைக்கும் வரியால் யாரும் அந்த வீட்டுக்குப் போகப்போவதில்லை. அவளே சொல்ல வேண்டும், அவனும் சொல்ல வேண்டும்.

நீங்களும் ஏதாவது ஒரு மேசையில் ஏதாவது ஒரு பாதியை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். அதனால் இந்த இரண்டு வரிகளையும் உங்கள் பக்கம் தள்ளிவைக்கிறேன். ஒன்றை மட்டும் நிரப்பினால் வியாழக்கிழமை காலை அவர்களைத் தூக்க யாரும் வரமாட்டார்கள்.

துவாங்தா: "டாக்டர் தம்பி, பெரியம்மா—

கிரிட்: "டாக்டர், பெரியப்பா—